நீலமலையின் பளிக்கறைகள்

மணிமேகலைக் காப்பியத்தில் உவவனம் என்றொரு பூஞ்சோலை வருகின்றது. அச்சோலையில் பளிங்கினால் இயன்ற மண்டபம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும். அவர் எழுப்பும் ஓசை வெளியே வாராது. உள்ளிருக்கும் பீடத்தின்மீது இட்ட மொட்டு மலரும். மலர்ந்த மலர் வாடாது. உதயகுமரன் தேரேறி வருவது கேட்டு அஞ்சிய மணிமேகலை அம்மண்டபத்துள் புகுந்துகொள்கின்றாள். அவள் உருவைக் கண்ட அரசிளங்குமரன் வாயில் எதுவெனத் தெரியாமல் பளிங்குச் சுவரைக் கையால் தடவித் திரிகின்றான். சாத்தனார் படைத்த இப்பளிக்கறை, ஒளியை விட்டு ஒலியைத் தடுக்கும் விந்தைக் கட்டடமாகத் தமிழ் நெஞ்சங்களில் நிலைத்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், விக்டோரியா அரசியின் ஆட்சிக் காலத்தில் (1837–1901), நீலகிரியில் இத்தகைய அறைகள் மெய்யாகவே எழுந்தன. உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைத் தோட்டங்களிலும் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ கண்ணாடி அடைத்த தாழ்வாரம் ஒன்று அமைந்தது. சன் ரூம் என்று இன்று வழங்கும் வெயிலறைக்கு அதுவே மூதாதை. மலையின் குளிரை வெளியே நிறுத்தி வெயிலை மட்டும் உள்ளே அழைத்த அவ்வறையின் ஒப்பனை, வெறும் வீட்டலங்காரச் செய்தியன்று. யார் எந்த மலையைக் கண்டனர், யாருடைய குரல் அவர்கள் செவிக்கு எட்டவில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

வெயிலை அழைத்த வீடு

தமிழகத்துச் சமவெளியில் வீடு என்பது வெயிலுக்கு மறைவிடம். திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் நிழலையும் காற்றையும் கருதி அமைந்தவை. சென்னையிலும் கோவையிலும் வாழ்ந்த ஆங்கிலேயரும் இம்முறையையே கைக்கொண்டனர். அகன்ற தாழ்வாரம், தாழ இறங்கிய கூரை, நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி ஆகியவை அவர்தம் பங்களாவின் உறுப்புகள்.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு வந்தார். முதலில் கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு மனை அமைத்தார். பின்னர் 1822இல் உதகையில் கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். மலைவாழ் மக்கள் அதனைக் ‘கல் பங்களா’ என்றனர். அக்கட்டடம் இன்று உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்துள் உள்ளது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை புல்வெளியில் உறைபனி படியும் ஊரில், சமவெளிப் பங்களாவின் திறந்த தாழ்வாரம் பயன்படவில்லை. ஆயினும் தாழ்வாரம் இல்லாத வீட்டை அவர்கள் எண்ணிப் பார்க்கவும் இல்லை. எனவே தாழ்வாரத்தின் தூண்களுக்கிடையே மரச்சட்டமிட்டுக் கண்ணாடி பதித்தனர். நிழலுக்காகப் பிறந்த உறுப்பு வெயிலுக்கான அறையாக மாறியது.

குளிரில் மனிதர் தம் உறைவிடத்தை எவ்வாறு அமைத்துக்கொள்வர் என்பது தமிழிலக்கியம் முன்பே கண்ட பொருள். குறிஞ்சித் திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் ஆகும். நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, வாடைக்காற்று வீசும் கூதிர் நாளில் ஓர் அரண்மனையின் உள்ளறையை அடுக்கடுக்காகக் காட்டுகின்றது. அங்கே கோடைக்குரிய விசிறி பயனற்றுத் தொங்கச் சிலந்தி அதில் நூல் கட்டுகின்றது. பலகணிக் கதவுகள் இறுக அடைக்கப்படுகின்றன, கணப்பு மூட்டப்படுகின்றது. யவனர் செய்த பாவை விளக்கு எரிகின்றது. அயல்நாட்டுப் பொருளால் அகத்தை அணிசெய்யும் வழக்கம் ஆங்கிலேயரோடு இந்நாட்டிற்கு வந்ததன்று என்பதும் இதனால் விளங்கும். ஆனால் அவ்வறை, கதவடைத்துக் குளிரை வென்ற அறை. தோடர்தம் மரபான இல்லமும் அவ்வகையினதே. அரைவட்டப் பீப்பாய் போல் வளைந்த மூங்கில், பிரம்பு, புல் ஆகியவற்றாலான அவ்வீட்டிற்குப் பலகணி இல்லை. குனிந்து, தவழ்ந்து புகவேண்டிய சிறு வாயில் ஒன்றே உண்டு. உள்ளே அடுப்பின் சூடு தங்கும்.

கூதிர்ப் பாசறைக்கால அரசியும், மந்தில் வாழ்ந்த தோடரும் குளிரை அடைத்து வென்றனர். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் கண்ணாடியால் வென்றனர். வெயிலை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே விடாத கண்ணாடியின் இயல்பே அவர்களுக்குத் துணை செய்தது.

இங்கு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. இலண்டனில் டிசம்பர் மாத நண்பகல் வெயில் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். அங்கே ஒளியைப் பெறக் கூரையையும் கண்ணாடியால் வேய்ந்தனர். உதகையிலோ அதே நாளில் ஞாயிறு 55 பாகை உயரத்தில் தெற்கே நிற்கும். சூன் மாதத்தில் உச்சிக்குச் சற்று வடக்கே சாயும். மெல்லிய மலைக்காற்றில் அவ்வெயில் கூரிய வெயில். கூரையும் கண்ணாடியானால் நண்பகலில் அறை உலையாகும். ஆகவே நீலகிரியின் வெயிலறைக்குக் கண்ணாடிச் சுவரும், ஓடோ தகரமோ வேய்ந்த கூரையும் பொருந்தின. கிழக்கும் தெற்கும் நோக்கிய பக்கம் காலை வெயிலையும் குளிர்கால வெயிலையும் பெறும். தென்மேற்குப் பருவமழை அறையும் பக்கம் கண்ணாடிக்கு ஆகாது. இங்கிலாந்தின் அறையை அப்படியே பெயர்த்து வைக்க இயலாது என்பதை மலையே அவர்களுக்குக் கற்பித்தது எனலாம்.

கண்ணாடி மலையேறிய கதை

கண்ணாடி அறை ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே பெருஞ்செல்வர்க்கு மட்டும் உரியது. கண்ணாடிக்கு ஆயத்தீர்வை இருந்தது. பலகணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வீட்டுக்கு வரியும் இருந்தது. கண்ணாடித் தீர்வை 1845இலும் பலகணி வரி 1851இலும் நீங்கின. அதே 1851இல் இலண்டனில் ஜோசப் பாக்ஸ்டன் என்னும் தோட்டக்கலைஞர் வடிவமைத்த பளிங்கு மாளிகை, ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடிப் பலகைகளுடன் எழுந்து உலகை வியக்கச் செய்தது. செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டிலே அரண்மனையாக வளர்ந்தது என்பது நினைவிற்குரியது. அதன்பின் நடுத்தர வகுப்பினரும் தம் வீட்டோடு ஒரு கண்ணாடி அறையை ஒட்டவைக்க விரும்பினர்.

இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில் வார்ப்பிரும்பும் கண்ணாடியுமாகப் பனைமர மாளிகை கட்டி முடிந்த ஆண்டு 1848. அதே ஆண்டில், அங்கே பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் உதகைக்கு வந்து, தொட்டபெட்டாச் சரிவில் அரசு தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். 1876இல் மறையும் வரை அவர் இம்மலையிலேயே பணியாற்றினார். கியூவின் கண்ணாடிக் கலை உதகைக்கு வந்தது இவ்வழியேயாகும். உதகைப் பூங்காவின் கண்ணாடி மாளிகையும், 1874இல் தோன்றிய குன்னூர் சிம்ஸ் பூங்காவின் கண்ணாடி மாளிகையும், அண்டை மைசூர் நாட்டில் பெங்களூர் லால்பாக்கில் 1889இல் கால்கோளிடப்பட்ட பெரிய கண்ணாடி மாளிகையும் ஒரே மரபின் கிளைகள். பூங்காவில் அரசு கட்டியதைத் தனியார் தம் தாழ்வாரத்தில் சிறிய அளவில் கட்டிக்கொண்டனர்.

கண்ணாடி இங்குத் தானே வந்துவிடவில்லை. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கும் வரை, கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வந்தன. சென்னையிலிருந்து மேற்குக் கரைக்கு இருப்புப்பாதை 1862இலும், மேட்டுப்பாளையத்திற்குக் கிளைப்பாதை 1873இலும் வந்தன. மலை இரயில் குன்னூரை அடைந்தது 1899இல். உதகையை அடைந்தது 1908இல். விக்டோரியா அரசி மறைந்த 1901இலும் உதகைக்கு இரயில் இல்லை என்பதை நோக்க வேண்டும். எனவே அக்காலத்து உதகை வெயிலறைகளின் ஒவ்வொரு கண்ணாடியும் வைக்கோல் திணித்த பெட்டியில், மாட்டு வண்டியிலோ ஆள் தலையிலோ மலையேறியதேயாகும். பெரிய பலகை உடைந்தால் ஈடுசெய்யப் பல திங்கள் ஆகும். சிறு சிறு கட்டங்களாகப் பிரித்த மரச்சட்டமும் மக்கும் கொண்ட பலகணியே இம்மலைக்கு ஏற்றதாயிற்று. ஒரு கட்டம் உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? பழைய பங்களாக்களின் அழகென்று இன்று போற்றப்படும் அச்சிறு கட்டங்கள், வழித்தொலைவும் சுமைகூலியும் வகுத்த வடிவம் என்று கொள்வது தவறாகாது.

அறையின் ஒப்பனை

விக்டோரியா காலத்து ஒப்பனைக்கு ஓர் இலக்கணம் இருந்தது. வெற்றிடம் குறை, நிறைவே செல்வம். வெயிலறையோ வீட்டிற்கும் தோட்டத்திற்கும் இடைப்பட்டது. ஆதலின் அங்கே வரவேற்பறையின் கனத்த மெத்தை நாற்காலிகளுக்கு இடமில்லை. ஈரத்திற்கும் வெயிலுக்கும் தாங்கும் பொருள்களே வேண்டும். தரைக்குச் சுட்ட ஓடு. இங்கிலாந்தில் பல வண்ணக் கோலமிட்ட மண்ணோடுகள் இதற்கென்றே செய்யப்பட்டன. இங்கே செங்கல் ஓடும் தேக்குப் பலகையும் அவ்விடத்தைப் பெற்றன. இருக்கைக்குப் பிரம்பு. கைப்பிடியை முன்னே நீட்டிக் கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளும் தோட்டத்துரை நாற்காலி, பிரம்புச் சாய்மனை, சிறு தேநீர் மேசை ஆகியவை அடுத்தடுத்து அமையும். செடிச்சட்டிகளைப் படிப்படியாக ஏற்றி வைக்க வார்ப்பிரும்புத் தாங்கிகள். அவற்றில் கொடியும் இலையுமாகச் சித்திர வேலை. மேலே உத்திரத்திலிருந்து தொங்கும் கம்பிக் கூடைகளில் பாசி பொதிந்து பெரணிகள். காசியிலிருந்து வந்த பித்தளைப் பாத்திரம் பூச்சட்டிக்கு உறையாகும். மூலையில் ஒரு பறவைக் கூண்டு. பலகணியின் மேல்வளைவில் செம்மையும் நீலமுமாக வண்ணக் கண்ணாடி. 1830இல் திருநிலைப்படுத்தப்பட்ட உதகைத் தூய ஸ்டீபன் தேவாலயத்தின் ஓவியக் கண்ணாடிகளை வழிபாட்டில் கண்டவர்கள், வீட்டிலும் அதன் சாயலை விரும்பியதில் வியப்பில்லை.

வெயிலை மட்டுப்படுத்தப் பூத்துணித் திரைகள் இருந்தன. இத்திரைகளின் நிறத்திற்கும் நீலகிரிக்கும் எதிர்பாராத தொடர்பொன்று உண்டு. 1856இல் வில்லியம் பெர்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், காய்ச்சலுக்கு மருந்தான குவினைனைச் செயற்கையாய் ஆக்க முயன்றார். குவினைன் கிட்டவில்லை, ஊதா நிறச் சாயம் ஒன்று கிட்டியது. செயற்கைச் சாயத் தொழிலுக்கு அதுவே தொடக்கம். விக்டோரியா காலத்துத் திரைகளும் ஆடைகளும் பளிச்சென்ற நிறம் பெற்றது அதனால்தான். ஆய்வுக்கூடம் தரமுடியாத அக்குவினைனுக்காகவே, நான்காண்டுகள் கழித்துச் சின்கோனா மரம் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. தேடிய மருந்து மலைச்சரிவில் மரமாக நின்றது. தேடாமல் வந்த சாயம் அம்மலையின் பங்களாத் திரைகளில் ஏறியது. அத்தொடக்கக் காலச் சாயங்கள் பல வெயிலில் விரைந்து வெளுத்துவிடும் இயல்பின. வெயிலறைத் திரைக்கு வெள்ளைப் பருத்தியும் மங்கிய பச்சையுமே நீடித்தன என்பது இல்லத்தரசியர் பட்டறிந்த பாடம்.

இவ்வறைக்கு ஓயாத பகை ஈரம். மழைக்காலத்தில் முகில் வீட்டிற்குள்ளேயே புகும். கண்ணாடியின் உட்புறம் நீர் அரும்பிச் சட்டத்தின் அடிக்கட்டையில் இறங்கும். மக்கு வெடிக்கும், மரம் உளுக்கும், துணியில் பூசணம் படரும். ஆண்டுதோறும் வண்ணம் பூசாத வெயிலறை நிலைப்பதில்லை. நாள்தோறும் காலையில் சன்னல் திறந்து, சட்டிகளைத் திருப்பி வைத்து, இலைகளைத் துடைத்து, மாலையில் உறைபனிக்குமுன் அனைத்தையும் அடைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் துரைசானி அல்லள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பெரணிப் பித்து

வெயிலறையின் உயிர் செடிகளே. 1829இல் இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, அடைத்த கண்ணாடிக் குடுவைக்குள் ஈரமண்ணில் ஒரு பெரணி தானே முளைத்து வாழ்வதைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது ‘வார்டு பெட்டி’ என்னும் சிறு கண்ணாடிப் பேழை. புகை மண்டிய இலண்டன் வீட்டிலும் அப்பேழைக்குள் பெரணி தழைத்தது. கடற்காற்றின் உப்பிலிருந்து காத்துச் செடிகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசெல்லவும் அதுவே வழியாயிற்று. பெரணி வளர்ப்பது பித்தாகவே பரவியது. சார்லஸ் கிங்ஸ்லி 1855இல் அதற்கொரு நோய்ப்பெயரே சூட்டினார்.

அப்பித்துக் கொண்டவர்க்கு நீலகிரி ஒரு புதையல். சோலைக் காடுகளின் ஓடையோரத்தில் ஆளுயரத்தையும் விஞ்சும் மரப்பெரணிகள் நின்றன. மரக்கிளைகளில் பாசியோடு பாசியாகச் சிறு பெரணிகள் படர்ந்தன. வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஹென்றி பெட்டோம், தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய தம் படநூலை 1863 முதல் சென்னையில் வெளியிட்டார். பின்னாளில் மைசூர் அரச குடும்பத்தின் கோடை மாளிகையாக விளங்கிய இல்லத்திற்கு வாய்த்த பெயரே ‘ஃபெர்ன்ஹில்’, அதாவது பெரணிக் குன்று. சோலையிலிருந்து பெயர்த்த பெரணி பிரம்புக் கூடையில் பங்களாவிற்கு வந்து, வெயிலறையின் கம்பிக் கூடையில் தொங்கியது.

பெரணியோடு நின்ற மற்றச் செடிகளைக் கணக்கிட்டால் ஓர் உண்மை புலப்படும். ஜெரேனியம் என்று வழங்கும் மணச்செடி தென்னாப்பிரிக்காவினது, ஃபியூஷியா தென்னமெரிக்காவினது, ஆஸ்பிடிஸ்திரா கிழக்காசியாவினது. இங்கிலாந்தின் நினைவாக அமைத்த அறையில் இங்கிலாந்தில் பிறந்த செடி அரிது. ‘தாய்வீடு’ என்று ஆங்கிலேயர் ஏங்கிய அந்த அறையே, பல கண்டங்களில் பெயர்த்துச் சேர்த்ததொரு தொகுப்பு. நீலகிரியில் அவர்கள் படியெடுத்தது, முன்பே படியாக இருந்த ஒன்றையாகும்.

கண்ணாடிக்குள் செடி பேணும் கலை பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடவில்லை. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து வார்டு பெட்டிகளில் கொணர்ந்த சின்கோனாக் கன்றுகள் வழியிலும் வந்த பின்னும் பட்டுப்போயின. 1861இல் வந்த செம்பட்டைச் சின்கோனாவே உதகையில் பிழைத்தது. மெக்ஐவர் அவற்றைக் கண்ணாடிக் கொட்டிலில் பதியமிட்டுப் பெருக்கித் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் அமைத்தார். பெரணி வளர்த்த அதே கண்ணாடிக் கலை பேரரசின் படைக்கு மருந்தும் வளர்த்தது.

ஓசை புகாத அறை

பளிக்கறையின் இலக்கணம் உருவம் தெரிவதும் ஓசை கேளாமையும். வெயிலறைக்கும் அது பொருந்துகின்றது.

கேளாத ஓசைகளுள் முதலாவது உழைப்பாளியின் ஓசை. நடுவட்டம் சின்கோனாத் தோட்டங்களில், மலாய்க் கடற்கரைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் உழைத்தனர். தேயிலைத் தோட்டங்களுக்குச் சமவெளித் தமிழரும் கன்னடரும் மலையேறினர். பங்களாவில் தோட்டக்காரர், நீர் சுமப்பவர், ஆயா, சமையற்காரர் எனப் பலர் இருந்தனர். வெயிலறையின் சட்டிகளைப் பேணியவர்க்குச் செடிகளின் ஆங்கிலப் பெயர் தெரியாது; ஆனால் எந்தச் செடிக்கு எவ்வளவு நீர் என்பது தெரியும். அவர் அறிவு எழுத்தில் ஏறவில்லை.

அரிதாக ஒரு பெயர் ஏறியதும் உண்டு. நீலகிரித் தாவரங்களைப் பற்றிப் படநூல்கள் வெளியிட்ட இராபர்ட் வைட் என்பாரிடம் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர் பணியாற்றினர். இலையின் நரம்பும் பூவின் உள்ளுறுப்பும் பிழையாது வரைந்தவர்கள் அவர்களே. வைட் ஓர் ஆர்க்கிட் இனத்திற்கு ‘கோவிந்தூயா’ என்று தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். அப்பெயர் தாவரவியலில் நிலைக்கவில்லை. பின்னர் வேறு இனத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆயினும் சூட்டிய மனம் பாராட்டற்குரியது.

இரண்டாவது, மண்ணுக்குரியவரின் ஓசை. பூங்காவும் பங்களாவும் எழுந்த புல்வெளி தோடர்தம் எருமைகள் மேய்ந்த நிலம். சல்லிவன் தோடரின் நில உரிமையை ஏற்கவேண்டுமென வாதிட்டவர். இது அவர்க்குப் பெருமை. ஆனால் வாதம் ஒருபுறமிருக்க, நிலம் கைமாறியது. தாவரவியல் பூங்காவின் மேற்பகுதியை ஒட்டி இன்றும் தோடர் மந்து ஒன்று உள்ளது. கண்ணாடி மாளிகையைப் பார்க்க வருவோரில் அவ்வளவு தொலைவு ஏறுவோர் சிலரே.

மூன்றாவது, அறைக்குள்ளேயே இருந்த பெண்ணின் ஓசை. வெயிலறை பெரும்பாலும் பெண்களின் இடமாகவே கருதப்பட்டது. கணவர் அலுவலிலோ வேட்டையிலோ இருப்பார். குழந்தைகள் ஏழெட்டு வயதிலேயே படிப்புக்காகக் கப்பலேற்றப்படுவர். நெடுநல்வாடையின் அரசி, பாசறை சென்ற தலைவனை எண்ணி அழகிய கட்டிலில் உறக்கமின்றிக் கிடக்கின்றாள். அறையின் அணி அனைத்தும் அவள் தனிமையை மிகுவிக்கின்றன. கண்ணாடித் தாழ்வாரத்தில் பெரணிக்கு நீர் தெளித்த பெண்ணின் நிலையும் அதற்கு வெகுதொலைவில் இல்லை. 1858இல் கணவரான தலைமை ஆளுநர் வடநாட்டில் பெருங்கிளர்ச்சியை அடக்கும் பணியில் இருக்க, கானிங் சீமாட்டி குன்னூரில் தங்கினார். மலர்களையும் மலைக்காட்சிகளையும் நீர்வண்ணத்தில் வரைந்த கலைஞர் அவர். 1861இல் மலைக்காய்ச்சலால் கல்கத்தாவில் இறந்தார். குன்னூர்ப் பக்கத்தில் அவர் பெயரால் ஒரு காட்சிமுனை உண்டு. காட்சி அவர் பெயரில் நிற்கின்றது. அவர் மனத்தில் ஓடியதை யார் கேட்டார்?

வாயில் கடந்த செடிகள்

மணிமேகலையின் பளிக்கறையில் மலர் வாடாது. அம்மலர் வெளியே பரவியதாகவும் சாத்தனார் கூறவில்லை. நீலகிரியிலோ செடிகள் கண்ணாடியின் உள்ளே அடங்கவில்லை. தொங்குகூடையிலும் பாத்தியிலும் வேலியிலும் அழகுக்கென வைத்தவை மலைமீது ஏறின. வெள்ளைக் கொம்புப்பூப் பூக்கும் ஆரம் அல்லி சதுப்பு நிலங்களில் குடியேறியது. வேலியழகான உண்ணிச்செடி காடெங்கும் படர்ந்தது. ஸ்காட்லாந்தை நினைவூட்டிய மஞ்சட்பூப் புதர்களான ஸ்காட்ச் புரூமும் கார்ஸும் புல்வெளிகளை விழுங்கின. இவற்றோடு விறகுக்கும் தோல் பதனிடவும் கொணர்ந்த சீகை மரமும், 1843 முதல் நடப்பட்ட கற்பூர மரமும் சேர்ந்தன. வெயிலறையிலிருந்து பார்க்கையில் எதிரே விரிந்த வெறும் புல்வெளி, அவர்களுக்குப் பாழாகத் தோன்றியது. அறையின் ஒப்பனை இலக்கணத்தையே மலைக்கும் பொருத்தினர்: வெற்றிடம் குறை, நிரப்ப வேண்டும்.

அப்புல்வெளி வெற்றிடமன்று. மழைநீரை வாங்கி ஓடையாய் விடுவது அது. வரையாடு மேய்வது அங்கே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை நீலக்குறிஞ்சி பூப்பதும் அச்சரிவுகளில். சீகையும் புரூமும் மூடிய சரிவில் குறிஞ்சிக்கு இடமில்லை. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கெனத் தனிக்கொள்கை வெளியிட வேண்டிய அளவிற்கு இது வளர்ந்துள்ளது. ஒரு தாழ்வாரத்தின் அழகுணர்ச்சி மலையின் நீரோட்டம் வரை சென்றது என்பதே இவ்வரலாற்றின் கனத்த பகுதி.

இன்று

பழைய பங்களாக்கள் பல இன்று விடுதிகளாகவும் கல்விக்கூடங்களாகவும் அலுவலகங்களாகவும் உள்ளன. சில வெயிலறைகளில் மரச்சட்டம் போய் அலுமினியமும் ஒற்றைப் பலகைக் கண்ணாடியும் வந்துவிட்டன. வேறு சிலர் ‘விக்டோரியா பாணி’ என்று கூறிப் பொன்முலாம் பூசிய நாற்காலிகளையும் நெகிழிப் பெரணிகளையும் நிரப்புகின்றனர். இரண்டும் மரபை அறியாமையே.

பழைய வெயிலறையைச் செம்மையாக மீட்க விரும்புவோர்க்கு வரலாறு சில கூறுகின்றது. கூரையைக் கண்ணாடியாக்காது விடுக. வெயில் கிழக்கிலும் தெற்கிலும் இருந்து வரட்டும். சிறு கட்டச் சட்டத்தை மாற்றாது மக்கும் வண்ணமும் மட்டும் புதுப்பிக்க. பிரம்பும் பித்தளையும் வார்ப்பிரும்பும் போதும்; வெயிலில் வெளுக்கும் துணி வேண்டா. பெரணியை நாற்றங்காலில் பெறுக; சோலையில் பெயர்க்கற்க. புரூமும் உண்ணியும் சட்டியிலும் வேண்டா. வெண்துணியில் செம்மையும் கருமையுமாகத் தோடப் பெண்கள் தைக்கும் பூத்தையல், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை. பிரம்பு நாற்காலிக்கு அதனினும் தகுந்த அணி இல்லை. அதனை அவர்கள் கையிலிருந்தே, உரிய விலைக்குப் பெறுவது முறை.

எல்லாவற்றினும் மேலாகச் செய்யத்தக்கது எளிய ஒன்று. நீலகிரியில் குளிர்காலக் காலைப்பொழுதில் ஏழு மணியளவில் வெயிலறைக் கண்ணாடியில் படிந்த பனி மெல்ல உருகும். மலை கட்டம் கட்டமாகத் தெளியும். அவ்வேளை கவிஞர்க்குரியது. அப்போது சன்னலின் ஒரு கதவையேனும் திறந்து வைத்தல் வேண்டும். தேயிலை பறிக்கச் செல்லும் பெண்களின் பேச்சும், மந்திலிருந்து எருமைகளை அழைக்கும் குரலும், சோலைக்குள் இருவாயன் அல்லாத எத்தனையோ சிறு பறவைகளின் ஒலியும் குளிரோடு சேர்ந்து உள்ளே வரும். குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம்.